ஆலங்கொழுந்து

உட்கார்ந்துகொண்டே பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தபோது ஊரில் பாதிப் பேருக்குப் பொறாமை. பங்காருபாளையம் ரோட்டில் புதிதாக வந்த மாம்பழக் கூழ் கம்பெனியில் கேட் வாட்ச்மேன். காக்கிச் சட்டை, விசில், ஓர் இரும்பு நாற்காலி. பிறந்ததிலிருந்து அடுத்தவன் நிலத்தில் குனிந்தே கிடந்த முதுகு இது. இனிமேல் நிமிர்ந்து உட்காரப்போகிறது என்று நானும்தான் நினைத்தேன். அந்த நாற்காலிதான் என்னைக் கெடுத்தது.

வெயிலில் காய்ந்த இரும்பின்மேல் நாள் முழுக்க உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. கம்பெனி கேன்டீன் காரம் வேறு. முதலில் எரிச்சல், அப்புறம் கடுப்பு. ஒரு நாள் காலையில் கொல்லைக்குப் போன இடத்தில் ரத்தத்தைப் பார்த்தேன். ரத்த மூலம். இந்த இரண்டு வார்த்தையை இப்போது எழுதிவிட்டேன். அன்றைக்கு என் நாக்கை இழுத்து வைத்து அறுத்திருந்தாலும் வந்திருக்காது.

யாரிடம் சொல்வது? வீட்டுக்காரி சென்னம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் ரமணா, கல்யாணமான மறு வருஷமே குவைத்துக்குப் போய்விட்டான், ஓர் அரபி வீட்டில் டிரைவராக. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவன் அப்படித்தான் போனான். மிச்சம் நானும் மருமகள் பத்மாவதியும். அவள் வெதுருகுப்பத்துப் பெண். எங்களில் மருமகள் மாமனார் எதிரில் உட்கார மாட்டாள், முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். வேண்டுமா என்று அங்கிருந்தே கேட்பாள். போதும் என்று நான் தட்டைப் பார்த்துச் சொல்வேன். அப்படிப் பழகுகிறவளிடம், எனக்கு எங்கே ரத்தம் போகிறது என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் என் வேட்டியை நானே கசக்கிப் போட ஆரம்பித்தேன். அவள் எழுவதற்கு முன்னால் துவைக்கிற கல்லில் தேய்த்து, மற்றத் துணிகளோடு சேர்த்துப் போட்டுவிடுவேன். ஏன் மாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் தெரியாது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆனால் நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. பால்காரன் அளந்தால் படியின் அடியைத் தடவிப் பார்க்கிற ஜாதி நான். ஆஸ்பத்திரியில் வேட்டியை அவிழ்க்கச் சொல்வார்கள். நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சித்தூரில் அங்கே இங்கே பெருக்குகிற வேலை பார்க்கிறார்கள். காலையில் நான் குனிந்தால் சாயங்காலம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு தரம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒன்றைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூலம், பௌத்திரம், ஆண்மைக் குறைவு, ரகசிய நோய். நாலையும் ஒரே கட்டத்துக்குள் போட்டிருந்தான். மூலத்தைப் படிக்க நிற்கிறவன் எதைப் படிக்க நிற்கிறான் என்று வழியில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? விலாசத்துக்கு வருவதற்கு முன்பே நகர்ந்துவிட்டேன்.

கடைசியில் திருப்பதிக்குப் போனேன். அங்கே என்னைத் தெரிந்தவன் இல்லை. வீட்டில், மொட்டை போட வேண்டுதல் என்று சொன்னேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் வேரும் பட்டையும் கொட்டையுமாகச் சாக்கில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மருந்துக்காரரைப் பற்றி எப்போதோ லாரிக்காரன் ஒருவன் சொல்லியிருந்தான். அவர் எதிரில் போய் நின்றேன். என் மச்சானுக்கு இப்படி இருக்கிறது, அவனால் வர முடியவில்லை என்றேன். அவர் நான் நிற்கிற தினுசைப் பார்த்தார்.

"ஒன் மச்சான் ரொம்ப நேரமா நின்னுகினே கீறாரு. காலு வலிக்கப் போவுது" என்றார்.

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் மருந்தைச் சொன்னார். ஆலமரத்துக் கொழுந்து. இலையாக விரியாமல், உறைக்குள் கூராகச் சுருண்டிருக்கும் நுனி. வெயில் படுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். அம்மியில் நைத்து ஆட்டுப்பாலில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். பச்சைமிளகாயை வாசற்படி ஏற்றக் கூடாது. கொழுந்தைக் கொடுங்கள் என்றேன். உங்கள் ஊரில் ஆலமரம் இல்லையா, மரத்தை விட்டுவிட்டு என்னிடம் ஏன் வாங்குகிறாய் என்று திருப்பிக் கேட்டார். ஒன்றும் விற்காமல் அனுப்பியவர்மேல் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் மரத்துக்கு என்னிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டும். மலை ஏறி முடியைக் கொடுத்தேன். தலையோடு மீசையும் போயிற்று. சந்நிதியில் தள்ளுகிற தள்ளில் ஏழுமலையானிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆலமரம் எங்கள் ஊரிலிருந்து கம்பெனிக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெரிய மரம். பல் ஆடினால் விழுது நுனியை மெல்வார்கள். காலில் வெடிப்பு வந்தால் பாலைத் தடவுவார்கள். குழந்தைக்கு வயிறு போனால் கொழுந்து. சர்க்கரை வியாதிக்குக் கஷாயம் வைக்கப் பட்டையைச் செதுக்கிச் செதுக்கி அடிமரம் ஒரு பக்கம் தோலுரித்த ஆடு மாதிரி இருந்தது. இதற்கெல்லாம் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஆனால் விடியுமுன் மரத்தடிக்குப் போகிற ஆண்பிள்ளை விஷயம் வேறு. கிழக்கு வெளுப்பதற்குள் பாலெடுத்து, பத்தாசு என்கிற சர்க்கரை வில்லையில் சொட்டவிட்டு வாயில் போட்டுக்கொள்வது எதற்காக என்று எங்கள் பக்கத்தில் மீசை அரும்பிய எவனுக்கும் தெரியும். புது மாப்பிள்ளையை எழுப்பி, மச்சான்காரர்கள் கேலி பண்ணிக்கொண்டே அந்தப் பத்தாசை ஊட்டுவார்கள்.

நான் பறித்தது கொழுந்துதான். ஆனால் ஆலங்கொழுந்தைக் கிள்ளினால் பால் வராமல் என்ன வரும்? தொரட்டியால் கிளையை வளைத்துக் கிள்ளிக் கிள்ளிச் சொம்பில் போடுவேன். விரல் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். சட்டையில் சொட்டி, காய்ந்தால் கறுப்பாக நிற்கும். மரத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்த சிட்டிபாபு பாய்லரைப் பற்றவைக்கும் நேரமும் அதுதான். முதல் நாள் சும்மா பார்த்தான். இரண்டாம் நாளும் பார்த்தான். அப்புறம் ஒரு நாள், கடையில் லாரிக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கும்போது குரல் கொடுத்தான்.

"இன்னா மாமா, தலைய மழிச்சிகினு, மீசைய எடுத்துகினு, காலங்காத்தால ஆலம்பாலு. பொண்ணு எந்த ஊரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் பல்லுக்கு என்று சொல்லியிருக்கலாம், கால் வெடிப்புக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த மரம் தீர்க்கிற வியாதி எத்தனையோ இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒன் வேலைய பாருடா" என்று சொல்லிவிட்டு, லேசாகச் சிரித்தேன். ஆமாம் என்று சொல்கிற சிரிப்பு.

மூலக்காரக் கிழவன் என்று பேர் வாங்குவதைவிட இந்தப் பேர் மேல் என்று பட்டது. மேல் மட்டும் இல்லை, ருசியாகவும் இருந்தது. லாரிக்காரர்கள் கேட்டில் இறங்கி எனக்குப் பீடி நீட்டினார்கள். ரகசியத்தைச் சொல்லு தாத்தா என்று ஒருவன் தோளில் கை போட்டான். சென்னம்மா போனதிலிருந்து என்னை யாரும் ஆம்பிளை என்று கணக்கில் எடுத்ததில்லை. நாற்காலியின் ஓரத்தில் பாதி உட்கார்ந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத மீசையை நான் தடவிக்கொண்டேன்.

வீட்டில் சாப்பாடு அந்த நாட்களில்தான் கெட்டுப்போயிற்று. குழம்பில் காரம் இல்லை. மருந்துக்காரர் சொன்ன பத்தியத்தை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சித்தூர் ஜில்லாவில் மிளகாய் இல்லாத சோறு, பத்தியக்காரன்கூடத் தின்ன மாட்டான். தினமும் மோர். இரண்டு நாளைக்கு ஒரு தரம் கருணைக்கிழங்கு. அது போதாதென்று வேலியோரத்தில் முளைத்த ஏதோ இலையைப் பறித்து விளக்கெண்ணெயில் வதக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். வழவழவென்று ஒரு தழை. மகன் அனுப்புகிறதை அம்மா வீட்டுக்குத் தள்ளிவிட்டு எனக்குக் களையைப் போடுகிறாள் என்று முடிவு பண்ணினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்வாள், அப்புறம் நான் நம்ப வேண்டியிருக்கும்.

ரமணா வெள்ளிக்கிழமைகளில் பங்காருபாளையத்தில் நாகபூஷணத்தின் போன் பூத்துக்குக் கூப்பிடுவான். குவைத்தில் அன்றுதான் லீவு. குவைத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் எல்லாம் பூத்துக்கு எதிரில் பெஞ்சில் வரிசையாகக் காத்திருக்கும். கண்ணாடி அறைதான். ஆனால் கடல் தாண்டிப் பேச வேண்டுமே என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவோம், கண்ணாடி என்ன செய்யும்? அந்த அறையிலிருந்துதான் கத்தினேன், உன் பெண்டாட்டி எனக்கு வேலிக் களையைப் பறித்துப் போடுகிறாள், மிளகாயைக் கண்ணில் காட்டுவதில்லை என்று. வெளியில் பெஞ்சில் பத்மாவதி இருந்தாள். கேட்டிருக்கும். மறுநாளும் அதே தழையைத்தான் வைத்தாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

ரத்தம் குறைந்துகொண்டு வந்தது. மரத்தைக் கும்பிட்டேன்.

எனக்கு விஷயத்தை உடைத்தவள் லட்சுமம்மா. கம்பெனியில் பழம் தரம் பிரிக்கிறவள். எனக்கு அக்கா முறை, என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், வாயில் கத்தி வைத்திருப்பாள். மதிய மணி அடித்ததும் கேட்டுக்கு வந்து என் நாற்காலிக்கு எதிரில் நின்றாள். கையெல்லாம் மாம்பால்.

"சின்னப்பா, ஆலம்பால குடிச்சிகினு கீறியாமே."

நான் அதே சிரிப்பைச் சிரித்தேன்.

"சிரிக்காத. அத குடிக்கிறவன் வூட்ல பொம்பள யாரு கீறா? ரெண்டு பேரா, மூணு பேரா? ஒருத்திதான கீறா. ஊருக்கு எண்ணத் தெரியாதா?"

அவள் பேசிக்கொண்டே போனாள். ஊர் முழுக்கப் பேச்சாம். குழாயடியில் பத்மாவதி போனால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்களாம். கொஞ்ச நாளாக அவள் உச்சி வெயிலில் தண்ணீருக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். சோம்பேறி, காலையில் எழுந்து போகாமல் நேரம் கழித்துப் போகிறாள் என்று அதற்கும் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஊர் கோபிகிருஷ்ணனும் ரமணாவும் குவைத்தில் ஒரே அறை. கோபிகிருஷ்ணனின் வீட்டுக்காரி போன வெள்ளிக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். வெதுருகுப்பம் வரைக்கும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்றாள் லட்சுமம்மா.

"அந்தப் பொண்ணு யாருகிட்டயும் வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆம்பிளைச் சிரிப்பு சிரித்தவனுக்கு, அந்தச் சிரிப்புக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று தோன்றவே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் பத்து யோசனை யோசிக்கிற தலை இது.

அன்றைக்கே நாகபூஷணம் சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை காலை ரமணா கூப்பிடுவான். பத்மாவதியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வர வேண்டும். பேசி முடித்ததும் அவள் அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விடலாம்.

வீட்டுக்குப் போனேன். உள்ளே அவள் புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் சேதி வந்துவிட்டிருந்தது. வாசற்படியில் நின்றேன். இப்போது சொல்லிவிட வேண்டும், அம்மா, எனக்கு இந்த வியாதி, நான் அதற்காகத்தான் மரத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைக் கனைத்தேன். அவள் கதவுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"வெள்ளிக்கெழம வெயிலு ஜாஸ்தியா இருக்கும். கொடைய எடுத்துக்கோ" என்றேன்.

"சரி மாமா" என்றாள்.

அவ்வளவுதான் வந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை பெஞ்சு நிறைய ஆட்கள். எங்களைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். மரியாதைக்கு விட்ட இடம் இல்லை அது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முனையில், என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல நின்றேன். போன் வந்தது. கண்ணாடி அறைக்குள் போனேன். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்தே வைப்பது வழக்கம். அன்றைக்கு மூடலாமா என்று பார்த்தேன். மூடினால் அதற்கும் ஓர் அர்த்தம் வரும். விட்டுவிட்டேன்.

ரமணா சுற்றி வளைக்கவில்லை. பை கொண்டுவந்தாளா என்றான். அவளை அனுப்பிவிடு, நீ ஒன்றும் பேச வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும் என்றான். பெற்ற பிள்ளை என்னோடு அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன். நீ ஆலமரத்துக்குப் போவது தெரியும் என்றான்.

"அது மருந்துக்குடா."

"இன்னா மருந்துன்னுதான் ஊரே சொல்லிகினு கீதே."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றான். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். லைன் இரைகிறது, கத்திப் பேசு என்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சு முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சிட்டிபாபுவின் தம்பிகூட இருந்தான். பத்மாவதி மட்டும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரத்த மூலம்டா" என்று கத்தினேன். "நாலு மாசமா குந்த முடியல. பின்னால ரத்தம் போவுது. அதுக்குத்தான் ஆலங்கொழுந்து துன்றேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல."

ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ரமணா பேசினான், நிதானமாக, கத்தாமல்.

"அவளக் காப்பாத்த கதை கட்டற நைனா. போன மாசம் களை போடறான்னு அவளத் திட்டின. இப்ப இன்னாத்துக்கு அவளுக்காக இவ்ளோ சத்தம்?"

அது என்னுடைய குரல். படியின் அடியைத் தடவிப் பார்க்கிற குரல். எனக்குப் பிறந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்மாவதி எழுந்து வந்தாள். அறைக் கதவில் நின்றாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அது களை இல்ல மாமா. துத்தி. அவருகிட்ட சொல்லுங்க."

நான் போனில் சொன்னேன். அது களை இல்லை, துத்திக்கீரை.

"நீங்க தோய்ச்சிப் போடற வேட்டிய மறுபடியும் எடுத்துத் தோய்க்கிறவ நான்தான். கறை நிக்கும். அன்னிலேர்ந்துதான் மொளகா போடல. அதயும் சொல்லுங்க."

அதையும் சொன்னேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், ஸ்கூலில் வாத்தியார் சொல்லப் பையன் சொல்வதுபோல, கத்திக் கத்திச் சொன்னேன். வேட்டியை, கறையை, கருணைக்கிழங்கை, மோரை. அம்மா வீட்டுக்குத் தள்ளுகிறாள் என்று நான் எண்ணிய ஒவ்வொன்றும் என் வாயாலேயே என் மருந்தாக மாறிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர், துத்தி மூலத்துக்குத்தானே போடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எங்க நைனாவுக்கும் அதைத்தான் வதக்கிப் போட்டார்கள் என்றான் நாகபூஷணம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாலு மாசமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நான் திருப்பதி வரைக்கும் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். ஊர் அவளைப் பேசும்போது, இவருக்கு மூலம், அதற்குத்தான் போகிறார் என்று குழாயடியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள்மேல் இருந்தது விலகியிருக்கும். மாமனாரின் மானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ பீடி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா நைனா என்றான் ரமணா. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. போகவில்லை என்றேன். போ என்றான். அப்புறம், அவளிடம் கொடு என்றான்.

ரிசீவரை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"இன்னொரு வெள்ளிக்கெழம வரும்னு சொல்லுங்க" என்றாள்.

அதையும் சொன்னேன். அவன் நைனா, நைனா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வைத்துவிட்டேன்.

வெளியில் வந்தோம். பூத்துக்கு எதிரிலேயே பஸ் நிற்கும் இடம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் எங்கள் ஊர் பஸ். அந்தப் பக்கம் நின்றால் சித்தூர் பஸ், அங்கே மாறினால் வெதுருகுப்பம். பத்மாவதி பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள். குடையை விரித்தாள். நானும் பின்னாலேயே போனேன். போகாதே என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது எனக்கு? கொஞ்சம் தள்ளி நின்று, மன்னிச்சிக்கோம்மா என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னேன். அவளும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா வூட்டுக்கும் அந்தப் பேச்சு போயிகீது மாமா. எங்கண்ணன் ரெண்டு வாரமா என்னப் பாக்கவே வரல" என்றாள். "அங்க வந்தும் ஒரு தபா சொல்லிடுங்க. இங்க சொன்ன மாதிரியே. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

சரி என்றேன்.

"சொல்லிட்டு சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிடலாம். தழை பறிச்சி வெச்சிட்டு வந்தேன், வாடிடும்."

சித்தூர் பஸ் வந்தது. போன் பேச வந்தவர்களில் பாதிப் பேர் அதில்தான் ஏறினார்கள். உள்ளே இடம் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் பஸ்ஸில் நான் அப்படித்தான், உட்காரலையா என்று யாராவது கேட்பதற்கு முன்பே, பக்கத்தில் இறங்கணும் என்று சொல்லிக்கொண்டு. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

பத்மாவதி பெண்கள் சீட்டில் பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"துண்டக் குடுங்க மாமா."

எந்தத் துண்டு என்று விளங்காமல் நின்றேன். என் தோளைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். எங்கள் அப்பன் பாட்டன் தோளில் துண்டு போட முடியாத காலம் ஒன்று இருந்தது. அதனாலேயே நான் அது இல்லாமல் படி இறங்குவதில்லை. அவள் அதை உதறி, நீளவாக்கில் முறுக்கி, தலையில் குடம் வைக்கச் சும்மாடு சுற்றுவார்களே, அப்படி வட்டமாகச் சுற்றினாள். நடுவில் ஓட்டையாக. நாலு விரலால் அமுக்கிப் பார்த்தாள். பஸ் பூராவும் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்கள் பக்கம் காலியாக இருந்த சீட்டின்மேல் அதை வைத்தாள்.

"குந்துங்க" என்றாள். "சித்தூரு தூரம்."

உட்கார்ந்தேன். வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை. கழுத்து வரைக்கும் அப்படி ஒரு சூடு ஏறியது, எந்த இரும்பு நாற்காலியிலும் நான் பார்க்காத சூடு. அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பஸ் எங்கள் ஆலமரத்தைத் தாண்டவில்லை, அது எதிர்த் திசையில் இருக்கிறது.

வெதுருகுப்பத்தில் அவள் அம்மா இருப்பாள், அண்ணன் இருப்பான், அக்கம்பக்கத்தார் வருவார்கள். எந்த வார்த்தையை முதலில் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போன் கிடையாது. மெதுவாகச் சொன்னாலே எல்லோருக்கும் கேட்கும்.